சோதனைக் குழாயில் நீலம்

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், குழாயில் இருந்த மருந்து கொதித்த பிறகும் நீலமாகவே நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு குழாயைக் கழுவித் துடைத்து, மறுபடியும் மருந்தை ஊற்றி, அம்மாவின் மூத்திரம் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். அதுவும் கொதித்தது. அதுவும் நீலம்.

"அம்மா, நிறம் மாறல" என்றேன்.

அம்மா இட்லித் துணியை ஈரத்தோடு கையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "ஏட்டி இசக்கி, நெசமாவா? மருந்து பழசா இருக்கப் போவுது."

"புதுப் பாட்டில்மா. நேத்துத்தான் தொறந்தேன்."

அந்த மருந்தின் நிறமே நீலம்தான். மூத்திரத்தில் சர்க்கரை இருந்தால் கொதிக்கும்போது பச்சையாகும். கூட இருந்தால் மஞ்சள், அதற்கும் மேலே ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் அப்படியே இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால், நான் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்ட புதிதில், அம்மாவை ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நர்ஸாக இருந்த ஞானபாக்கியம் அக்கா இதைச் செய்யக் காட்டினார். தினமும் தேதி போட்டு நிறத்தை ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும் என்றார். எழுதினேன். மஞ்சள், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, மஞ்சள். தீபாவளிக்கு மறுநாள் செங்கல். நீலம் என்று எழுத ஒரு நாளும் வாய்த்ததில்லை.

பகல் முழுக்க நான் வீட்டில் பேண்டேஜ் துணியை ரோல் சுற்றுவேன். சத்திரப்பட்டியிலிருந்து சைக்கிளில் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போடுவார்கள். அம்மாவும் கூட உட்கார்ந்து சுற்றுவாள். அப்பா இல்லை. எனக்கு ஆறு வயதிருக்கும்போதே போய்விட்டார். அதற்கு அடுத்த வருஷம் அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. எங்களுக்கு நல்லது கெட்டது பார்க்க அம்மாவின் அண்ணன் ஒருவர்தான். வைகுண்டராஜ் மாமா.

மாமா இருபது வருஷம் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி, பென்ஷனோடு வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு. அந்தத் தெருவில் அவரை டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். அவரும் மறுத்துச் சொல்லமாட்டார். பங்குனி மாதம் அவர்தான் ஒரு சத்துப் பொடியைக் கொண்டுவந்தார். பச்சை மூடி போட்ட டப்பா. மேலே இதயம், கல்லீரல், கிட்னி மூன்றையும் இப்போதுதான் செடியிலிருந்து பறித்த மாதிரி பளபளவென்று வரைந்திருந்தார்கள்.

"ஏட்டி கனி, சர்க்கரைங்கிறது கரையான்" என்று அன்றைக்கு அம்மாவிடம் சொன்னார். "மாத்திரை கரையானத்தான் கொல்லும். அரிச்ச மரத்த எவன் வந்து சரி பண்ணுவான்? ஈரலும் கிட்னியும் பசியோட கெடக்கு. இது அதுகளுக்குச் சோறு. எட்டு வைட்டமின், பொறவு புரோட்டீன், பொறவு கடல்பாசி."

"கடல்பாசியா? கவிச்சி அடிக்குமே அண்ணே."

"மூக்கப் பொத்திக்கிட்டுக் குடி. அண்ணன் ஒனக்கு வெசத்தையா குடுப்பேன்?"

அம்மா சிரித்துக்கொண்டே குடித்தாள். காலையில் ஒரு கரண்டி, சாயந்திரம் ஒரு கரண்டி. மாத்திரையும் கூடவே போட்டுக்கொண்டிருந்தாள். வைகாசியில் ஆரஞ்சு வருவது நின்றது. ஆடியில் மஞ்சள் போய்ப் பச்சை வந்தது. ஆவணியில் நீலம்.

சேதி தெரிந்து அன்று சாயந்திரமே மாமா வந்துவிட்டார். என் தலையில் கையை வைத்து, "மருமகளே, அந்த நோட்டக் கொண்டா" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். என் கையெழுத்தை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதினது சரியாக இருந்தாலும் டீச்சர் அடுத்தவளைப் பார்க்கப் போய்விடுவார். மாமா ஒவ்வொரு தேதியிலும் விரல் வைத்து, "எம்புட்டு ஒழுங்கு பாரு. மிலிட்டரில கூட இப்படி எழுத மாட்டானுவ" என்றார்.

அதன் பிறகு அம்மாவிடம், "இனிமே மாத்திரை எதுக்கு? தீ அணைஞ்ச பொறவும் தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பியா?" என்றார்.

அன்றோடு மாத்திரை நின்றது. மாத்திரை நின்ற பிறகும் நீலம் நின்றது. அதைப் பார்த்து நான் மாமாவைக் கும்பிடாத குறை.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு லாட்ஜ் மாடியில், மாமா விற்கிற பொடிக் கம்பெனியின் கூட்டம் நடக்கும். புரட்டாசிக் கூட்டத்துக்கு எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது நாற்காலி. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், கடைக்காரர்கள், ரிட்டையரான போலீஸ்காரர் ஒருவர். எல்லோருக்கும் சர்க்கரை, அல்லது வீட்டில் யாருக்காவது சர்க்கரை.

மாமா மைக்கைப் பிடித்து, "இந்த ஊர்ல பொறந்துட்டு பால்கோவாவ வாசத்தோட விட்டுருன்னு டாக்டர் சொல்லுதாரு. அவரு எந்த ஊருன்னு கேளுங்க. கண்டிப்பா வெளியூராத்தான் இருப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நான் பால்கோவா தின்னச் சொல்லல. தின்னவன் உறுப்பக் காப்பாத்தச் சொல்லுதேன். இந்தா நிக்காளே, இவ என் கூடப்பொறந்தவ. வெளி ஆளுக்குக் குடுத்துப் பாத்துட்டு உங்ககிட்ட வரல. என் ரத்தத்துக்குக் குடுத்துப் பாத்துட்டு வாரேன். மாத்திரை நிறுத்தி ஒரு மாசம் ஆவுது."

அம்மா பச்சைப் பட்டுப்புடவையில் மேடையில் நின்று கும்பிட்டாள். மாமா என் நோட்டை விரித்து, செங்கல், ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். நீலத்துக்குக் கை தட்டினார்கள். நான் மேடைக்கு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கீழே இறங்கும்போது ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். சுந்தரபாண்டியம் தபாலாபீஸுக்கு எதிர்த்த வீடு, பெயர் வேலுத்தாய் என்றார். அவருடைய வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. "மைக்குல பேசுறவன் நூறு சொல்லுவான் தாயி. நீ சொல்லு. நீ எழுதுனது நெசந்தானா?"

நான் தலையை ஆட்டினேன்.

"ஒன் மூஞ்சியப் பாத்தா பொய் சொல்ற பிள்ளையாத் தெரியல" என்று சொல்லிவிட்டு, திரும்ப மாடியேறிப் போய் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு வந்தார்.

ஐப்பசியில் அம்மாவின் மூத்திரத்தில் நுரை நிற்க ஆரம்பித்தது. குழாயில் ஊற்றினால் சோப்புத் தண்ணீர் மாதிரி மேலே தங்கும். அதையும் நோட்டில் எழுதினேன்: நீலம், நுரை. மாமாவிடம் காட்டினேன். "உள்ள கெடந்த கழிவு வெளிய போவுது மருமகளே. வீடு வெள்ளையடிக்கும்போது குப்பை வராதா?" என்றார். பிறகு அம்மாவின் கால் வீங்கியது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து, செத்த நேரம் அப்படியே இருந்தது. "உடம்பு தேறுது" என்றார் மாமா. காலையில் பல் விளக்கும்போது அம்மாவுக்குக் குமட்டல். உடம்பெல்லாம் அரிப்பு. நாலு ரோல் சுற்றினால் சுவரில் சாய்ந்துவிடுவாள். எனக்குப் பயம் வந்தது. ஆனால் குழாய் நீலமாக இருந்தது. நானே என் கையால் பார்த்த நீலம்.

கார்த்திகையில் டப்பா தீர்ந்துபோனது. வாங்கி வரச் சொல்லி ஒரு வெள்ளிக்கிழமை அம்மா என்னை மாமா வீட்டுக்கு அனுப்பினாள். மாமா வெளியே போயிருந்தார். பாலம்மாள் அத்தை அடுப்படியில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வந்திருக்க. தண்ணி மொண்டு குடி. மோரு வேணும்னாலும் இருக்கு."

தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் ஈரமணலைப் பரப்பி ஒரு சின்ன மண்கலயம் வைத்திருந்தார்கள். மோர் அதில்தான் இருக்கும் என்று மூடியைத் திறந்தேன். உள்ளே ஈரத்துணியில் சுருட்டின சின்னக் கண்ணாடிப் புட்டி. ரப்பர் மூடி. நான் இதைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் வீட்டில், ஐஸ்பெட்டி இல்லாதவர்கள் ஊசி மருந்தை இப்படித்தான் வைக்கவேண்டும் என்று ஞானபாக்கியம் அக்கா ஒரு கிழவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கையில் இருந்தது இதேதான்.

"அதத் தொடாத" என்றாள் அத்தை. "ஒங்க மாமாவோட ஊசி மருந்து. சூடு பட்டா கெட்டுப்போவுமாம்."

"மாமாவுக்கு எதுக்கு அத்தை ஊசி?"

"சுகருக்குத்தான். ஒனக்குத் தெரியாதா? மிலிட்டரியில இருந்து வந்த நாள்ல இருந்து போடுதாவ. காலைல தொடையில குத்திக்காம இட்லியில கை வைக்க மாட்டாவ. அதுல மட்டும் ரொம்பக் கறாரு."

கேட்கலாமா வேண்டாமா என்று நின்றேன். பிறகு கேட்டுவிட்டேன். "பொடி?"

அத்தை சிரித்தாள். உள் அறையில் டப்பாக்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. ஒன்றில்கூட மூடி திறந்திருக்கவில்லை. "அந்தக் கருமத்த இங்க யாரு குடிக்கிறா? ஒரு நாள் நாக்குல வச்சேன், பச்சப்பயிறு ஊசிப்போன நாத்தம். அது விக்கிறதுக்குல்ல."

அவளிடம் கள்ளம் இல்லை. எங்களுக்குத் தெரியும் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மாமா வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தவர் என் முகத்தையும், மூடி திறந்திருந்த கலயத்தையும் பார்த்தார். அத்தையைப் பார்த்து, "நீ போயி காப்பி போடு" என்றார். என்னை உள் அறைக்குக் கூப்பிட்டார்.

"மருமகளே, சுகர்ல ரெண்டு வகை இருக்கு. எனக்கு உள்ளது வேற. ஒங்க அம்மாவுக்கு உள்ளது வேற. எனக்கு ஊசி இல்லாம முடியாது."

நான் டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இத கனிகிட்ட சொல்லி அவ மனசக் கொழப்பாத. தை பொறக்கட்டும். காளிராஜுக்கும் ஒனக்கும் பேசி முடிச்சிருவோம். பொறவு நீ இந்த வீட்டுப் பிள்ளை. இந்த வீட்டு விசயம் ஒனக்குள்ள இருக்கணும், என்ன?"

காளிராஜ் அவருடைய மகன். பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் வேலை பார்த்தான். நான் பிறந்ததிலிருந்து அவனுக்கு என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். மாமா ஒரு புது டப்பாவை மஞ்சள் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கமாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸில் வரும்போது இரண்டு வகை, இரண்டு வகை என்று மாமாவின் சொல்லையே பிடித்துக்கொண்டு வந்தேன். அது உண்மையாக இருக்கக்கூடாதா என்று. அப்புறம்தான் யோசித்தேன்: அது உண்மையென்றால் பிறகு ஏன் மறைக்கவேண்டும்?

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கலயம், ஊசி, திறக்காத டப்பாக்கள். அம்மா ரோல் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"கேக்கியா? மாமா ஊசி போடுதாவ. பொடியைத் தொடுறதே இல்ல."

"தெரியும்" என்றாள் அம்மா.

"என்னது?"

"அண்ணன் ஊசி போடுறது எனக்குத் தெரியாமலா இருக்கும்? என் கூடப்பொறந்தவன்."

அப்போதும் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படி நான் அம்மாவைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

"பங்குனியில வந்து கேட்டான்" என்றாள். "கம்பெனியில மேல போறதுக்கு ஒரு சாட்சி வேணும். வெளியாளச் சொன்னா சனம் நம்பாது, கூடப்பொறந்தவளே மாத்திரைய விட்டுக் குடிக்காள்னாத்தான் நம்பும். நீ குடிச்சிக்காட்டுன்னான். கொஞ்ச நாள் மாத்திரையும் சேத்துப் போடு, நல்லா வந்த பொறவு விட்டுரலாம்னான். சரின்னேன்."

"எதுக்கும்மா சரின்ன?"

"எதுக்கா?" அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீ ஒம்போதுல நின்னவ. நாலு பேரு வந்து பேரு என்னன்னு கேட்டா சுவரப் பாத்துச் சொல்லுவ. எனக்கு ஒடம்பு இப்படி. நாளைக்கு ஒன்ன எவன் வந்து கேப்பான்? தையில முடிச்சிருவோம்னு வாக்குக் குடுத்தான். அவன் கேட்டத நான் செய்யாட்டா, நான் கேக்குறத அவன் செய்வானா?"

"அப்ப நான் தினம் தினம் கொதிக்க வச்சது, எழுதுனது எல்லாம்?"

"அது நெசந்தானட்டி? நீலம் வந்துச்சா இல்லையா? நானும் முதல்ல அண்ணனுக்காகத்தான் குடிச்சேன். நீ நீலம்னு சொன்ன பொறவு எனக்கே நம்பிக்கை வந்துருச்சு."

மாமா செய்தது எனக்கு வலிக்கவில்லை என்று இல்லை. ஆனால் இது வேறு வலி. எட்டு மாதமாக விடிந்ததும் நான் குழாயைத் தூக்கிப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று என்னோடு சேர்ந்து பார்த்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்காக என்று அவள் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சனிக்கிழமை காலை அழுது, சாப்பிடாமல் இருந்து, அம்மாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

ஞானபாக்கியம் அக்காவுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. "எட்டு மாசமா எங்க போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே அம்மாவின் காலை அமுக்கிப் பார்த்தார். அவருடைய முகம் மாறிவிட்டது. ரத்தம் எடுத்தார். நோட்டைப் புரட்டினார். ஆவணிப் பக்கத்துக்கு வந்ததும் நின்றார். நான் எதிர்பார்த்தது மாதிரி, நல்லா எழுதியிருக்கியே என்று சொல்லவில்லை. அம்மாவின் மூத்திரத்தைக் குழாயில் ஊற்றி, மேல் பாதியை மட்டும் விளக்கில் காட்டினார். இரண்டு சொட்டு வேறு ஏதோ மருந்து விட்டார். மேல் பாதி வெந்த முட்டை வெள்ளை மாதிரி திரிந்தது.

"இது உடம்புல நிக்கவேண்டிய சத்து. கிட்னி ஓட்டையாகி வெளிய வருது. நுரை வந்திச்சா?"

"வந்திச்சுக்கா. எழுதியிருக்கேன்."

"எழுதியிருக்க. வந்து காட்டலையே."

சாயந்திரம் ரத்தப் பரிசோதனை வந்தது. சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு.

"ஆனா நீலம்தானேக்கா வந்தது?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அக்கா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "ரத்தத்துல சர்க்கரை கூடினா, கிட்னி அத வடிச்சு மூத்திரத்துல தள்ளும். அதனாலதான் நமக்கு நிறம் காட்டும். கிட்னியே பழுதாகிப் போச்சுன்னா, வடிக்கிறதுக்கு ஆளு இல்ல. சர்க்கரை ரத்தத்துலயே தங்கிரும். குழாய் நீலமாத்தான் நிக்கும். சர்க்கரை போயி வந்த நீலம் இல்லம்மா இது. கிட்னி போயி வந்த நீலம்."

டாக்டர் கடிதம் எழுதிக்கொடுத்தார். கிட்னி கால்பங்கு மிச்சம் இருக்கலாம், இந்த வாரமே மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தால் அந்தக் கால்பங்கைக் கொஞ்ச வருஷம் காப்பாற்றலாம், இப்படியே விட்டால் மாதக்கணக்குத்தான் என்றார். நான் கையோடு கொண்டுபோயிருந்த டப்பாவை வாங்கி, மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். "இருக்கிற கிட்னிக்கு இவ்வளவு புரோட்டீன் பாரம். நொண்டி மாட்டு மேல மூட்டை ஏத்துன மாதிரி. மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு?"

"நானாத்தான் நிறுத்துனேன் சார்" என்றாள் அம்மா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அப்போதும் எனக்கு வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மதுரைக்குத் திங்கட்கிழமை போவோம் என்றாள் அம்மா. "நாளைக்கு ஞாயிறு. கூட்டம் இருக்கு. அண்ணன் நோட்டீஸ் அடிச்சிருக்கான், என் பேரப் போட்டு." சொல்லிவிட்டு ஒரு கரண்டி பொடியை அள்ளி டம்ளரில் போட்டாள்.

"அம்மா, டாக்டர் சொன்னாரே!"

"தை வரைக்கும்தானட்டி. ஒன் கழுத்துல தாலி ஏறிருச்சுன்னா பொறவு எல்லாத்தையும் நிறுத்திரலாம்."

மாதக்கணக்குத்தான் என்று சொன்னதை அவளும் கேட்டாள். எத்தனை மாதம் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. தை வரைக்கும் போதும் அவளுக்கு.

அன்று நான் ஒரு தபால் கார்டு வாங்கி, சுந்தரபாண்டியம் தபாலாபீஸ் எதிர்த்த வீட்டு வேலுத்தாய் அம்மாளுக்கு எழுதினேன். நான் எழுதினது நிஜம்தான், ஆனால் அது வேறு நிஜம், பொடியை நிறுத்திவிட்டு ரத்தம் பாருங்கள் என்று. பேச முடியாததை எழுத முடிந்தது. ஆனால் அம்மாவுக்குக் கார்டு போட முடியாது. மாமாவுக்கும் போட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மாமா வாடகை அம்பாசடரில் வந்தார். அம்மா பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தாள். வீங்கின கால் செருப்பில் நுழையவில்லை. வாரை அறுத்துவிட்டுப் போட்டிருந்தாள்.

"கெளம்பு கனி. மருமகளே, நோட்ட எடுத்துக்கோ" என்றார் மாமா வாசலில் நின்று.

நான் நிலைப்படியில் நின்றேன். "அம்மா வரல மாமா."

"என்னது?"

"அம்மா வரல. நாளைக்கு மதுரைக்குப் போறோம். கிட்னி போயிருச்சு."

மாமா சிரித்தார். டிரைவரைத் திரும்பிப் பார்த்து, "ஏலே, எங்க வீட்டு ஊமை பேசுதுடா!" என்றார். பிறகு அம்மாவிடம், "என்னட்டி இது? டாக்டர்மாருக்கு மிரட்டத்தான தெரியும்" என்றார்.

"அவ கெடக்கா அண்ணே. நான் வாரேன். நகருட்டி."

அம்மா என் தோளில் கையை வைத்துத் தள்ளினாள். அந்தக் கையில் பலமே இல்லை. அது எனக்குத் தந்தது தைரியமா பயமா என்று தெரியவில்லை. ஆனால் வாய் திறந்துவிட்டது.

"மாமா, நான் காளிராஜ் அத்தானக் கட்டிக்க மாட்டேன்."

எதிர்வீட்டுச் சுடலையம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள்.

"தையிலயும் மாட்டேன். எந்த மாசமும் மாட்டேன். அதுக்காக எங்க அம்மா பொடி குடிக்க வேண்டாம்."

மாமாவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு போய்விட்டது. "இவள எவன் கேட்டான்?" என்றார், என்னை விட்டு அம்மாவைப் பார்த்து. "எம் மகன் கோயம்புத்தூர்ல ஒரு டீச்சரப் பாத்து வச்சிருக்கான், தெரியுமா? நான்தான் ஒன் மொகத்துக்காக இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்த ஊமைக் கழுதைய வேற எவன் கட்டுவான்?"

"அண்ணே..." என்றாள் அம்மா. "டீச்சரா?"

மாமா கூட்டத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தார். "சரி, நீ வராட்டிப் போ. அந்த நோட்டயாவது குடு."

"தாரேன் மாமா. நேத்து ரத்தம் பாத்ததையும் அதுல எழுதியிருக்கேன். அதையும் மைக்குல வாசிப்பீங்களா?"

அவர் காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். கார் திரும்ப இடமில்லாமல் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே போனது. முன்கண்ணாடி வழியாக அவர் முகம் ரொம்ப நேரம் தெரிந்துகொண்டே இருந்தது.

அம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். மாமாவைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்து, "எனக்குன்னு இருந்தது ஒரு வாசல். அதையும் அடைச்சிட்டியேட்டி" என்றாள். "நான் செத்தாக் கோடித்துணி போடப் பொறந்த வீட்டு ஆளில்லாம ஆக்கிட்ட. ஒனக்காக நான் என்னத்தச் செய்யல?"

"அவிய நமக்குப் பொய் சொன்னாவம்மா. டீச்சர..."

"அவன் பொய் சொன்னான். நீ நெசத்தச் சொல்லி என்ன அறுத்துப் போட்டுட்ட. ரெண்டுல எது பெருசுன்னு எனக்குத் தெரியல. பேசாத."

அன்று அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. பொடியையும் குடிக்கவில்லை. பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் பேண்டேஜ் துணி கட்டுக் கட்டாகக் கிடந்தது.

திங்கட்கிழமை விடிந்ததும் அவளே குளித்தாள். டாக்டர் கடிதத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டாள். நான் பின்னாலேயே நடந்தேன். பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் நின்றது. ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் போகும். எங்கே போகிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்றும் நினைத்திருப்பாள். அவள் அப்படிப்பட்டவள்தான். அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் இருந்தது. பையை எடுத்து அந்த இடத்தில் வைத்தாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து அவள் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கண்டக்டர் வந்தார். அம்மாவையும் என்னையும் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணா?" என்றார்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு காசை நீட்டினாள்.

"மதுரை, ஒண்ணு" என்றாள்.